ரெண்டாவது கியரில் வட்டவளை

2025 ஜூன் 3, செவ்வாய்

பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக் ஹயர். கொட்டகலையில் விடியக்காலை நாலு மணிக்கு ஒன்பது பேரை ஏற்றினேன். இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது கினிகத்தேனை தாண்டி ஏற்றம் பிடித்ததும் வண்டி கிடந்து முக்கியது. மிதித்தால் சத்தம் வருது, இழுவை வரலை. மூணாவது, ரெண்டாவது என்று கியரை இறக்கிக்கொண்டே போய், கடைசியில் இருபதில் ஊர்ந்தோம். பின்னால் கரும்புகை. டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் லைட். அதுக்கும் பின்னால் பிரைவேட் பஸ்காரன் ஹோர்னை விட்டு கையை எடுக்கவில்லை.

ஓரங்கட்டி, நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ரெண்டு கிலோமீற்றர் நல்ல பிள்ளையாக ஓடும். அப்புறம் பழையபடி.

பின் சீட்டிலிருந்து பாட்டி கேட்டது: "என்னா தம்பி, வண்டிக்கும் சுகர் எறங்கிருச்சா?"

ஜூன் 4, புதன்

கண்டியில் கம்பனி ஏஜென்டின் கராஜில் விட்டேன். "மலை ஏறும்போது, மூணாவது கியர்ல, ஆள் நிறைஞ்சிருந்தா இழுக்காது" என்று சிங்களத்தில் விலாவாரியாகச் சொன்னேன். கவுண்டர் தம்பி ஜொப் கார்டில் எழுதியது ரெண்டே சொல்: 'பவர் குறைவு'. எந்த இடத்தில், எப்போது என்று அதில் ஒரு எழுத்து இல்லை. நான் அப்பவே பேனாவை வாங்கி எழுதியிருக்கணும்.

ஜூன் 6, வெள்ளி

போன் வந்தது. ஈஜீஆர் வால்வில், அதாவது புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் வால்வில், கரி கட்டியிருந்ததாம், கழுவியாச்சாம், 38,500 ரூபா. டெஸ்ட் ட்ரைவும் போனார்களாம்.

"எதுவரைக்கும்?"

"பேராதனை வரைக்கும்."

சமதரை. வண்டியில் ட்ரைவர் மட்டும். சந்தேகத்தோடுதான் காசைக் கட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், வட்டவளை எட்டும் முன்னமே அதே லைட், அதே புகை, அதே ரெண்டாவது கியர். மழை வேற. அந்தப் பக்கம் ஜூனில் மழையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் ஊர்.

ஜூன் 9, திங்கள்

திரும்ப ஏஜென்டிடம் காட்டினால், இப்போது என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ போய்விட்டதாம். 4,85,000 ரூபா, மூணு கிழமை காத்திருக்கணும். கம்ப்யூட்டரில் பி0299 என்று பழுதுக் கோடு வந்திருக்கிறதாம். அந்தக் கோடுக்கு அர்த்தம், டர்போ தரவேண்டிய காற்றழுத்தம் வரலை என்பதுதான். ஏன் வரலை என்பதை அது சொல்லாது. மேல்மலை ஊத்திலிருந்து லயத்துக்கு வரும் பைப்பில் தண்ணி வரலைன்னா, முதலில் பைப்பு எங்கே உடைஞ்சிருக்குன்னு பார்ப்போமா, ஊத்தையே மாத்துவோமா?

மருமகன் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 நம்பருக்கு, போன் அடிக்கச் சொல்கிறான். முதலில் வியாதி என்னன்னு தெரியட்டும்.

ஜூன் 10, பொசன் போயா

ஏஜென்ட் பூட்டு. டிக்கோயா மெக்கானிக் பாஸை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மகனுடைய போனும், ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் தீப்பெட்டி அளவு கருவியும் கொண்டுவந்தார். என்ஜினை ஓட விடாமல் சுவிட்சை மட்டும் போட்டதும் காற்றழுத்தம் 87 கிலோபாஸ்கல் காட்டியது. பழுதோ என்று நினைத்தேன். "இது ஹற்றன் காத்து அண்ணே, கொழும்புல பார்த்தா 101 காட்டும்" என்றார். உயரம் கூடக் கூட காற்று மெலிசு. மேலே வரவர டர்போதான் அதிகமாக உழைக்கணும்.

நாலு சிமெண்ட் மூட்டையைப் பின்னால் போட்டு ஏற்றத்துக்குப் போனோம். மிதித்தேன். என்ஜின் கேட்பது 210. வருவது 130.

திரும்பி வந்து பொனெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை டோர்ச் அடித்துப் பார்த்தார். கிளிப்புக்கு ஒட்டினாற்போல ஓயில் கசிந்து கறுப்பாக ஈரம். ஈரத்தைத் துணியால் துடைத்தார், ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் அமுக்கினார். உதடு பிரிவதுபோல ஒன்றரை இஞ்சுக்கு வாய் திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. இவ்வளவு நாள் ஆட்டம் காட்டியது இதுதான். நின்றபடி ஓடும்போது உள்ளே அழுத்தம் இல்லை, வெடிப்பு மூடியே இருக்கும். ஏற்றத்தில் மிதித்தால்தான் காற்று அதைப் பிளந்துகொண்டு வெளியே போகும். காற்றில்லாத டீசல் புகையாகப் போகிறது, கம்ப்யூட்டர் பயந்து பவரை வெட்டுகிறது.

பழைய டயர் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றிக் கம்பி கட்டினார். மூட்டைகளோடு மூணாவது கியரில் ஏறியது. கூலி கேட்டால் 2,000 போதும் என்கிறார். மூவாயிரத்தைச் சட்டைப்பையில் திணித்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஏஜென்டிடம் போய், டியூபைக் கழற்றிவிட்டு, "உங்க ஆள் ஒருத்தர் என்கூட வரணும்" என்று நின்றேன். கடுகண்ணாவையில் கீழே இறங்கித் திரும்பி ஏறினோம். பாதி ஏற்றத்தில் லைட் எரிந்தது. கூட வந்த பையன் லேப்டொப்பைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: "எங்களுக்கு ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம்தான்னு கணக்கு இருக்கு அண்ணே. இவ்வளவு தூரம் வர விடமாட்டாங்க." அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

புது ஹோஸ் 23,800. பூட்டுகூலி எடுக்கவில்லை. கழுவின 38,500 பற்றி மெனேஜர், "கழுவினது கழுவினதுதானே" என்றார். அடுத்த சர்வீஸில் ஓயில் இலவசமாம். கிழிந்த ஹோஸைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் தரமாட்டோம் என்றார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

அதே கிளினிக், அதே ஒன்பது பேர். வட்டவளையில் மூணாவது கியர், முப்பத்தைந்துக்குக் குறையவில்லை. ஜொப் கார்ட், ரெண்டு பில், ஹோஸின் போட்டோ எல்லாம் ஒரு கவரில் போட்டாச்சு. முறைப்பாட்டை மருமகன் இன்றிரவு எழுதித் தருவான்.

பாட்டியிடம் "இன்னிக்கு எப்படி?" என்றேன்.

"வண்டிக்கு சரியாயிருச்சு தம்பி. எனக்குத்தான் ஏறிருச்சாம்."