வரியை லீற்றரில் போட்டால்?

இலங்கையில் வாகனம் வைத்திருப்பவர் வருடாவருடம் கட்டணம் கட்டி எடுக்கிற வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை ஒழித்துவிட்டு, அந்தப் பணத்தை எரிபொருள் வரியில் கூட்டி எடுக்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். ஓடுகிறவன் கட்டட்டும், முற்றத்தில் படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறவன் எதற்குக் கட்ட வேண்டும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காப்புறுதி அட்டையும் புகைச் சான்றிதழுமாகப் பிரதேச செயலகத்தில் நிற்கிற வேலையும் மிச்சம்.

ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல்கள் நிறைந்த படுவான்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், நெல் ஏற்றும் லொறி, எல்லாம் டீசல். நாள் முழுக்கச் சேற்றுக்குள் சுற்றும் உழவு இயந்திரம் எந்தத் தார் வீதியைத் தேய்த்தது? அதற்கும் லீற்றருக்கு லீற்றர் வரி. கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி வேலைக்கு வரும் மோட்டார் சைக்கிள்காரரும் கட்டுவார். கொழும்பில் மின்சாரக் கார் வைத்திருப்பவர் ஒரு சதமும் கட்டமாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபையின் வருமானம். எரிபொருள் வரி திறைசேரிக்குப் போவது. மாற்றிவிட்டால், கிழக்கு மாகாணம் தன் பங்குக்குக் கொழும்பிடம் கையேந்த வேண்டும்.

என்னைக் கேட்டால், அனுமதிப்பத்திரம் இருக்கட்டும். பாரத்துக்கு ஏற்றபடி கட்டணத்தைக் கூட்டுங்கள். ஈரமணல் சொட்டச் சொட்டப் போகும் டிப்பர்களால் எங்கள் வீதியின் ஓரம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்து கிடக்கிறது. டிப்பர் முதலாளிமார் கோபித்தால் கோபிக்கட்டும்.