புனிதப் பொருள் திரும்பிப் போவதை எது தாமதப்படுத்துகிறது: நாக்ப்ரா வேலையில் பட்டறிந்தவை

ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது. அமெரிக்கச் சமவெளிப் பழங்குடி ஒன்றின் புனித மூட்டை இனி அவர்களுடையது. மியூசியங்களில் உள்ள புனிதப் பொருள்களைப் பழங்குடிகளிடம் திருப்பித் தரச் சொல்லும் அமெரிக்கச் சட்டம்தான் நாக்ப்ரா. அது கொடுக்கும் கெடு குறைவுதான். கோரிக்கை வந்த 90 நாளுக்குள் மியூசியம் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்றுக்கொண்டால் அடுத்த 30 நாளுக்குள் அறிவிப்பை அனுப்ப வேண்டும். அது ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அமெரிக்க அரசிதழில் வெளியாகி 30 நாள் கழிந்தால் உரிமையை ஒப்படைக்கலாம். 2024 ஜனவரி 12 முதல் நடப்பில் உள்ள விதிகள் இவ்வளவு தெளிவாக இருக்கின்றன. அப்படியும் இழுத்தது என்றால், அதற்குக் காரணம் மியூசியத்தின் சொந்த அலமாரிகளும் கோப்புகளும்தான். கலெக்‌ஷன் பிரிவில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில், கலந்துபேச அழைத்துப் பழங்குடிக்கு மியூசியம் அனுப்பும் கடிதம். பழங்குடி மன்றத் தலைவர் பெயருக்கு மட்டும் அனுப்பினால் தேர்தல் முடிந்து ஆள் மாறியதும் அது யார் மேசையிலோ தங்கிவிடும். பழங்குடி வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலருக்கும் நாக்ப்ரா பொறுப்பாளருக்கும் சேர்த்தே அனுப்புங்கள், அனுப்பிய கையோடு போனும் செய்யுங்கள். உறவுள்ள மற்றப் பழங்குடிகளுக்கும் அப்போதே தெரிவித்துவிட வேண்டும். அவர்களுக்கு விஷயம் அரசிதழைப் பார்த்துத்தான் தெரியவந்து, இன்னொரு கோரிக்கையும் வந்துவிட்டால், யாருக்குக் கூடுதல் உரிமை என்று மியூசியம் முடிவுசெய்யும் வரை எல்லாம் நின்றுவிடும்.

பொருளைப் பார்க்கப் பெரியவர்கள் வந்த அன்று நடந்தது இன்னும் உறுத்துகிறது. மூட்டையை எடுத்து வைத்தால் பாதிதான் இருந்தது. பழைய கேட்டலாக்காரர்கள் தோலைத் தோல் அலமாரியிலும், மரத்தை மர அலமாரியிலும் பிரித்து வைத்து, தனித்தனி எண்ணும் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் காரில் வந்தவர்கள் முழுதாகப் பார்க்காமலே திரும்பினார்கள். இதைத் தவிர்க்க, பொருளின் பெயரை வைத்துத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். கொடுத்தவர் பெயர், சேகரித்தவர் பெயர், வந்து சேர்ந்த ஆண்டு மூன்றையும் வைத்து வரவுப் பேரேட்டை வரி வரியாகப் பாருங்கள். கணினிப் பதிவில் இல்லாத இணைப்பு அந்தக் கையெழுத்துப் பேரேட்டில் இருக்கும். அழைப்பு அனுப்புவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

அடுத்து சட்டப் பிரிவு. வரவு அட்டையில் 'விலைக்கு வாங்கியது' என்று ஒரு வரி. விற்றவர் கடிதம் கிடையாது. 'வாங்கியிருக்கிறோம், அப்புறம் ஏன் கொடுக்க வேண்டும்' என்று அங்கிருந்து கேள்வி வந்தது. காசு கொடுத்தது மட்டும் உரிமை ஆகாது. விற்க அதிகாரம் உள்ளவர் மனமொப்பி விற்றார் என்று மியூசியம்தான் நிரூபிக்க வேண்டும். சமூகம் முழுவதற்கும் சொந்தமான பொருளை விற்கத் தனியாள் எவருக்கும் அதிகாரமில்லை. சூனி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் அஹயுடா எனப்படும் தங்கள் புனித மர உருவங்களைக் கேட்டு 1978-இல் இறங்கியபோது முன்வைத்த வாதமும் இதுதான்; 1990-இல் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அந்த வாதத்தால் உருவங்களை மீட்டார்கள். அதோடு 1883-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த 'இந்தியக் குற்றங்கள்' விதிகள் ('இந்தியர்' என்றது அமெரிக்கப் பழங்குடிகளை) இவர்களின் சடங்குகளையே தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தன. அந்தக் காலத்து விற்பனையை மனமொப்பிய விற்பனை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

'இது புனிதமானது என்பதற்கு விவரம் கொடுங்கள்' என்று சடங்கின் உள்விஷயங்களைக் கேட்பது அநியாயம், தேவையும் இல்லை. இன்றைய வழிபாட்டுக்கு இந்தப் பொருள் வேண்டும் என்று அவர்களின் சமயத் தலைவர் சொல்வது வலுவான சான்று. பழங்குடியினரின் மரபு அறிவுக்கு மதிப்புத் தரவேண்டும் என்று விதியே சொல்கிறது. கேட்டதை எல்லாம் குறித்து வைக்காதீர்கள். அரசு மியூசியம் என்றால் உங்கள் மின்னஞ்சலைக்கூட யாராவது தகவல் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

'குளிர்பதன அறையில் வைப்பார்களா' என்றும் ஒரு கேள்வி வரும். உரிமை போன பிறகு நிபந்தனை போட மியூசியத்துக்கு இடமில்லை. அஹயுடா திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் கரைந்து மண்ணோடு சேர வேண்டியது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காப்பாற்றியதுதான் தவறு.

எல்லாவற்றையும்விட அதிகம் கவலைப்பட வேண்டியது விஷத்தைப் பற்றி. தோல், இறகு, ரோமம் உள்ள பொருள்களுக்குப் பூச்சி வராமல் இருக்க ஆர்சனிக், பாதரச உப்பு, பின்னால் டிடிடி, நாஃப்தலீன் எல்லாம் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. அதனால் கோப்பில் இல்லை என்றால் பொருளிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023-இல் பெர்லினிலிருந்து கொலம்பியாவின் காகபா மக்களுக்குத் திரும்பிய இரண்டு முகமூடிகளும் பூச்சிமருந்து எச்சரிக்கையோடுதான் போயின.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பொருளில் என்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைக்கும் முன் பழங்குடியினரின் சம்மதம் வாங்குங்கள். மடிப்பு, தையல், உள்பக்கம் என்று பல இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். தூள் அங்கேதான் தங்கும். கருவி வரையும் நிறமாலையில் ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் கோடு ஒன்றும் 10.5 கேஇவி (ஆற்றல் அலகு) அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். 11.7-இல் கோடு இருந்தால் ஆர்சனிக், 12.6-இல் இருந்தால் ஈயம். கருவி தானாகக் காட்டும் எண்ணை நம்பாமல் நிறமாலையைத் திறந்து பாருங்கள். சிவப்புப் பூச்சின் மேல் மட்டும் பாதரசம் காட்டினால் அது சிந்தூர வண்ணமாகவும் இருக்கலாம். டிடிடி போன்றவை இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது, அவற்றுக்கு ஆய்வகச் சோதனை வேண்டும். பொருளில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, கையில் எவ்வளவு ஒட்டும் என்பது வேறு. இரண்டாவதற்குத் துடைத்து மாதிரி எடுக்க வேண்டும். வாயில் வைப்பது, முகத்தில் அணிவது என்றால் இதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. முடிவைப் பொருளோடு சேர்த்து நீட்டாமல் முன்கூட்டியே கொடுத்து, உட்கார்ந்து விளக்குங்கள்.

பழைய எண்ணை நேராகத் தோலின் மேலேயே மையால் எழுதியிருப்பார்கள். அழித்துத் தரச் சொல்லிக் கேட்டால் உடனே அசிட்டோனை எடுக்காதீர்கள். அது வண்ணத்தையும் கரைக்கும், விஷத்தையும் பரப்பும். கன்சர்வேட்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் சடங்காகப் புகையிடுவார்கள். கிடங்கின் புகை உணர்வியை நிறுத்தி வைக்கக் கட்டடப் பராமரிப்பு, பாதுகாப்பு, அலாரம் நிறுவனம் மூவரிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் நிறுத்த முடியுமா என்று முதல் நாளே அலாரப் பலகத்தில் சோதித்துவிடுங்கள். எங்களுக்கு இது மட்டும் தடங்கலின்றி நடந்தது. யார் தொடலாம், எந்தத் திசை பார்க்க வைக்க வேண்டும், பிளாஸ்டிக் சுற்றலாமா கூடாதா என்பதைப் பெட்டி செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு விடாத பெட்டியை அவர்கள் ஏற்கவில்லை. பருத்தித் துணியும் திறப்பு உள்ள மரப்பெட்டியும்தான் சரிப்பட்டது.

உரிமை ஒப்படைப்புக் கடிதம் போனதும் பொருள் அவர்களுடையது. எடுத்துச் செல்லும் தேதியை அவர்கள் சொல்வார்கள், அதுவரை அவர்கள் சொற்படி காப்பது மியூசியத்தின் வேலை. கடிதத்தின் நகலைத் தேசிய நாக்ப்ரா அலுவலகத்துக்கும் அனுப்ப மறக்க வேண்டாம். அத்தோடு பழைய நெகட்டிவ், ஸ்கேன், கடன் கொடுத்த போட்டோக்களை என்ன செய்வது என்றும் அவர்களிடம் கேளுங்கள். மூட்டை திறந்திருக்கும் படம் எங்கள் இணையத் தேடலில் அதுவரை யாரும் கவனிக்காமல் இருந்தது. அதை நீக்கக் கணினிப் பிரிவுக்கு அன்றே எழுதிக் கொடுத்தோம்.