பந்து தண்ணீரில்: நாலாவது மாதக் கணக்கு

கோல்ஃப் பழக ஆரம்பித்து இது நாலாவது மாதம். ஸ்விங் பற்றி எழுத ஒன்றுமில்லை, பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸ் அப்படியேதான் இருக்கிறது. இந்த மாதம் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: பந்து குளத்துக்குள் போன பிறகு அடுத்த பந்தை எங்கே போடுவது.

சனிக்கிழமை விடியுமுன் பெங்களூரு ஜீவன்பீமா நகரிலிருந்து கிளம்பினால் ஊருக்கு வெளியே இருக்கும் கோர்ஸில் ஆறேகாலுக்கு முதல் டீ, அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம். பை தூக்கி வழிகாட்டும் கேடி மர்பி டவுன்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவருக்கு சார், அவர் எனக்கு அண்ணன்.

நாலாவது ஹோலில் வலப்பக்கம் முழுக்கக் குளம், கரையோரம் சிவப்புக் குச்சிகள். டிரைவர் என்ற நீளமான கிளப்பால் (மட்டையால்) அடித்தேன். பந்து நேராகக் கிளம்பி, பாதியில் மனசு மாறி வலப்பக்கம் வளைந்து, தூரத்தில் தண்ணீர் தெறித்தது. தெறித்த இடத்துக்கு நேராகக் கரையில் போய் நின்று பையில் இன்னொரு பந்தைத் தேடினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் நாற்பது யார்டு பின்னால், ஒரு உண்ணிச்செடி பக்கத்தில் நிற்கிறார்.

“இங்க வாங்க சார். எங்க விழுந்துச்சுன்னு பாக்காதீங்க, எங்க தாண்டுச்சுன்னு பாருங்க.”

மூன்று மாதமாக நான் செய்துவந்தது அத்தனையும் தப்பு. பந்து எல்லையைக் கடைசியாகத் தாண்டிய புள்ளியிலிருந்துதான் கணக்கு. எல்லை என்பது தண்ணீரின் விளிம்பும் இல்லை, குச்சிகளை இணைக்கும் கோடு. தப்பான இடத்திலிருந்து அடித்தால், அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ப்ளேயில் கணக்கில் இரண்டு அடி கூடும், அதுதான் தண்டனை. டைகர் வுட்ஸே 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் பதினைந்தாவது ஹோலில், முன்பு அடித்த இடத்துக்குத் திரும்பி வந்தவர் இரண்டு யார்டு பின்னால் தள்ளி டிராப் செய்து (பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு) இந்த இரண்டை வாங்கிக்கொண்டார். நான் திருடியதோ நாற்பது யார்டு.

சரி, சிவப்புக் குச்சி என்றால் ஒரு அடி தண்டனையோடு, அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்குக் கிட்டே போகாமல் டிராப் செய்யலாம். கையில் இருந்த ஏழாம் நம்பர் அயர்னால் அளக்கப் போனேன். அண்ணன் சிரித்துக்கொண்டே டிரைவரை நீட்டினார். பையில் பட்டரை (பந்தைக் குழிக்கு உருட்டும் கிளப்) விட்டுவிட்டு எது நீளமோ அதுதான் அளவுகோல். என் டிரைவர் 45 அங்குலம், அயர்ன் 37. இரண்டு முறை வைத்தால் ஒன்றேகால் அடி நீளத்துக்கு மேல் லாபம். அந்த ஒன்றேகால் அடியில்தான் உண்ணிச்செடி முடிந்து வெட்டிய புல் ஆரம்பித்தது.

அப்புறம் டிராப். பழைய வீடியோக்களைப் பார்த்து வளர்ந்த ஞானம், கையைத் தோளுக்கு நேராக நீட்டினேன். 2019லிருந்து முட்டி உயரம்தான். வாட்டர் ஹசார்டு என்ற பெயரும் அந்த வருஷத்தோடு போய், விதிப் புத்தகத்தில் பெனால்டி ஏரியா ஆகிவிட்டது (அண்ணனுக்கு இன்றும் அது ‘வாட்டரு’தான்). முட்டி உயரத்திலிருந்து போட்டேன், சரிவில் உருண்டு எல்லைக்குள் போய்விட்டது. இன்னொரு முறை, மறுபடி அதே கதை. இரண்டு தடவைக்குமேல் கிடையாது, இரண்டாவது டிராப் தரையைத் தொட்ட இடத்தில் பந்தைக் கையால் வைக்க வேண்டும். வைத்தேன், நின்றது. “சீக்கிரம் அடிங்க சார்” என்றார். அவசரத்துக்கு அர்த்தம் வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்தது. 2019 ஃபீனிக்ஸ் ஓப்பனில் ரிக்கி ஃபவுலர் இதே மாதிரி இரண்டு டிராப் போட்டு, பந்தை வைத்துவிட்டு, குழி இருக்கும் புல்தரையான க்ரீனைப் பார்க்கப் போனார். நின்ற பந்து தானாக உருண்டு தண்ணீருக்குள் போக, இன்னொரு அடி தண்டனை. போட்டியை ஜெயித்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

எனக்கு அதிகம் வலித்தது பதினொன்றாவது ஹோல். பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டியது), 140 யார்டு, டீக்கும் க்ரீனுக்கும் நடுவே குளம், குச்சிகள் மஞ்சள். அபூர்வமாக நல்ல அடி. பந்து குளத்தைத் தாண்டி, க்ரீன் பக்கத்து மேட்டில் விழுந்து, நிதானமாகப் பின்னால் உருண்டு தண்ணீருக்குள் இறங்கியது. கடைசியாகத் தாண்டியது அந்தக் கரையைத்தானே, அங்கேயே டிராப் என்று உற்சாகமாக நடந்தேன். சிவப்பாக இருந்திருந்தால் நடந்தது சரி. மஞ்சளுக்குப் பக்கவாட்டு டிராப் கிடையாது. மறுபடி டீயிலிருந்து அடிக்கலாம், இல்லையென்றால் தாண்டிய புள்ளியும் குழியில் நிற்கும் கொடியும் ஒரே கோட்டில் இருக்கும்படி பின்னால் போகலாம். பின்னால் போனால் குளம், அதைத் தாண்டினால் நான் கிளம்பிய கரை. எவ்வளவு பின்னால் என்பது மட்டும் நம் இஷ்டம்.

இங்கேதான் ஒரு சின்ன புத்திசாலித்தனம் செய்தேன். கரையோரம் போட்டால் கொடிக்கு 80 யார்டு. அது எனக்கு அரைகுறை அடி, பாதி தடவை மண்ணைத் தோண்டுவேன். குறுந்தூரக் கிளப்பான பிட்சிங் வெட்ஜை முழுசாக வீசினால் 95. ஆகவே பதினைந்து யார்டு பின்வாங்கி டிராப் செய்தேன். க்ரீனில் ஏறியது, இரண்டு பட், மொத்தம் 5. போன மாதம் இதே ஹோலில் 8, 7, 9.

பந்து சேற்றில் பாதி தெரிந்தபோது ஒருமுறை தண்டனை வேண்டாமென்று அப்படியே அடித்தும் பார்த்தேன். அனுமதி உண்டு, கிளப்பைத் தரையில் ஊன்றவும் செய்யலாம். பேன்ட்டைப் பற்றி வீட்டில் கேளுங்கள்.

இந்த மாதம் நான்கு சுற்றில் தண்ணீருக்குப் போன பந்துகள் 11. போன சனிக்கிழமை நாலாவது டீயில் டிரைவரை உருவும்போதே பார்த்தேன், அண்ணன் அந்த உண்ணிச்செடிக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்.