வின்டர் ஹேவன் பக்கம்: கயிறு குறையக் குறைய

ஃபுளோரிடாவின் வின்டர் ஹேவனில் ஏரிகளைக் கால்வாய்கள் கோத்து வைத்திருக்கின்றன. எலோயிஸ் ஏரிக்கரையில் 1936-இல் திறந்த சைப்ரஸ் கார்டன்ஸ் நீர்ச்சறுக்குக் காட்சிகளால் பேர் வாங்கியது. இன்று அங்கே லெகோலாண்ட் இருக்கிறது. ஸ்லாலம், அதாவது படகு கயிற்றில் இழுக்க, ஒற்றைப் பலகையில் மிதவைகளை வெளிப்புறமாகச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்குவது, பார்க்க வேண்டுமானால், அதற்கென்றே வெட்டிய ஒடுங்கிய நீண்ட ஏரி எதற்காவது போக வேண்டும். காற்று எழுவதற்குள், விடிகாலையில் போய்விடுங்கள்.

தடம் 259 மீட்டர். படகு நடுவே நேராக ஓடும். இருபுறமும் மாறி மாறி 6 மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. ஆண்களுக்கான உச்ச வேகமான மணிக்கு 58 கி.மீ.-இல் முழுத் தடமும் 16 நொடியில் முடிந்துவிடும். மிதவைக்கு மிதவை இரண்டரை நொடிதான். அதற்குள் குறுக்கே 23 மீட்டர் கடக்க வேண்டும். அப்படியானால் பக்கவாட்டு வேகம் சராசரியாகவே நொடிக்கு 9 மீட்டர்.

கவணில் கட்டிய கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 75 கிலோ ஆள் 12 மீட்டர் கயிற்றில், படகின் நேர் பின்னால் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசப்பட்டால், அந்த வீச்சுக்கு மட்டும் 625 நியூட்டன் இழுவை: ஏறக்குறைய 64 கிலோவைத் தூக்கிப் பிடிப்பது போல. தண்ணீரின் தடை தனிக்கணக்கு. பக்கவாட்டு வேகம் ஒன்றரை மடங்கானால் வீச்சின் இழுவை இரண்டேகால் மடங்காகும்.

ஒவ்வொரு சுற்றிலும் கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25, 16, 14.25, 13, 12, 11.25. மிதவையை எட்ட, 18.25 மீட்டரில் கயிறு நடுக்கோட்டிலிருந்து 39 பாகை விரிந்தால் போதும். 12 மீட்டரில் 73 பாகை. 11.25-இல் கயிறே மிதவையைத் தொடாது! மீதியைக் கையும் சாய்ந்த உடலும்தான் நீட்டிக்கொடுக்க வேண்டும்.

இந்த இழுவையைக் கைபலத்தால் தாங்க முடியாது. கைப்பிடி இடுப்பை ஒட்டி, கை நீண்டு, கணுக்கால் முதல் தோள் வரை ஒரே கோடாகப் படகுக்கு எதிர்ப்புறம் சாய வேண்டும். அப்போது சுமை கால்வழியே சறுக்குப் பலகையில் இறங்கும். இடுப்பு பின்தள்ளி மடங்கினால் எல்லாம் கீழ்முதுகில் விழும். கைப்பிடி உடலைவிட்டு விலகினால் தோளைப் படகு திருப்பிவிடும். போகும் கோணமும் போச்சு.

விழுபவர்களில் நிறையப் பேரைக் கவிழ்ப்பது கயிற்றின் தளர்வு. மிதவைக்குத் தாமதமாக, படகைத் துரத்தும் வேகத்தோடு வந்தால் கயிறு தொய்யும். அவசரமாகத் திரும்புவார்கள், படகு தொய்வை இழுத்து முடித்த கணத்தில் ஒரே வெட்டு. ஆள் முன்பக்கமாகத் தண்ணீரில். தீர்வு திருப்பத்தில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது: சுமையைப் படகின் அலைத்தடத்துக்கு முன்பே ஏற்றி, நடுக்கோட்டைத் தாண்டியதும் பலகை சாய்ந்து நிற்கும் விளிம்பை மாற்றிக்கொள்வது.

பலகையின் வாலடியில் மீன் துடுப்புபோல் நீட்டி நிற்கும் தகடான ஃபின்னையும் கவனியுங்கள். அதன் ஆழம், நீளம், வாலிலிருந்து தூரம் மூன்றையும் காலிப்பர் வைத்து அளப்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மாறினாலே திருப்பத்தின் பிடி மாறிவிடும்.

இடமிருந்தால் படகில் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். கயிறு மாட்டும் கம்பம் படகின் நடுவில்தான் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு குறுக்கு வீச்சிலும் படகு பக்கவாட்டில் அசைவதும், ஓட்டுபவர் ஸ்டீயரிங்கில் அதை ஈடுகட்டுவதும் இருக்கையிலேயே தெரியும்.