தண்ணீர் விடாத ஸ்ட்ராபெரி டிராமிசு

போன மே மாதம் மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. பிறந்த நாளுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் "டிராமிசு" என்றாள். நாங்கள் இத்தாலியில் படோவாவில் இருக்கிறோம். இங்கே பிறந்த நாளோ ஞாயிற்றுக்கிழமை விருந்தோ, கடைசியில் மேசைக்கு வருவது பெரும்பாலும் அதுதான். காபியில் நனைத்த பிஸ்கட்டையும் கிரீமையும் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்யும் இனிப்பு அது. அப்படியென்றால் அதில் காபி உண்டு, கிரீமில் பச்சை முட்டையும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டையுமே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் காபிக்குப் பதில் பழச்சாறு ஊற்றி வீடுகளில் செய்யும் ஸ்ட்ராபெரி டிராமிசுவைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

மேல் மாடி சிஞ்ஞோராவிடம் (இத்தாலியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்) யோசனை கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், பிறந்து வளர்ந்தது ட்ரெவிசோவில். "காபி இல்லையென்றால் அதற்கு வேறு பெயர் வை" என்றார் முதலில். அவர் அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் ட்ரெவிசோவில், 'லே பெக்கெரியே' என்ற உணவகம் 1972-இல் தன் உணவுப் பட்டியலில் டிராமிசுவைச் சேர்த்தது. பக்கத்துப் பகுதியான ஃப்ரியூலிக்காரர்கள் அதற்கு முன்பே தங்கள் பக்கம் இருந்தது என்று இன்றும் வாதாடுகிறார்கள். 'என்னைத் தூக்கி நிறுத்து' என்பதுதான் பெயருக்கு அர்த்தம். தூக்கி நிறுத்துவதே காபிதான் என்பது சிஞ்ஞோராவின் கட்சி. ஆனாலும் குழந்தைக்கு என்றதும் இறங்கி வந்தார். "பழத்தில் இருக்கும் தண்ணீரை மட்டும் கவனி" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் அன்று காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை பார்த்தேன். ஸ்ட்ராபெரியை மிக்ஸியில் அடித்து, அந்தப் பச்சைக் கூழிலேயே பிஸ்கட்டை நனைத்து அடுக்கினேன். மேலே கிரீம், அதன் மேல் சர்க்கரை தூவிய பழத்துண்டுகள், மறுபடி பிஸ்கட், மறுபடி கிரீம். இரவு பார்க்க அழகாகத்தான் இருந்தது. காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால், கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சிவப்புத் தண்ணீர். அகப்பையை உள்ளே விட்டதும் மேலடுக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே பிஸ்கட் கஞ்சியாகிக் கிடந்தது.

உட்கார்ந்து யோசித்தபோது காரணம் புரிந்தது. ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நீர் விடுகிறதே, சர்க்கரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஊறுகாய்ப் பாத்திரத்தில் அது நமக்கு வேண்டும். அடுக்கின் நடுவில் இரவு முழுக்க நடந்தால் எல்லாம் போச்சு. அப்படியென்றால் அடுக்குவதற்கு முன்பே அந்த நீரை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் கொட்டவும் கூடாது. வாசனையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது முறைக்குப் பழம் வாங்க பியாட்சா தெல்லே எர்பே சந்தைக்குப் போனேன். இங்கே சந்தையில் பழத்தை நாமே தொட்டுப் பொறுக்கும் வழக்கம் இல்லை. எதற்கு என்று சொன்னால் கடைக்காரரே எடுத்துத் தருவார். தெற்கே பசிலிகாட்டாவிலிருந்து வரும் 'கண்டோங்கா' வகையைத் தந்தார். கூம்பு வடிவம், உள்ளேயும் சிவப்பு, அழுத்தினால் கெட்டி. நறுக்கினால் குழையவில்லை.

மொத்தம் 700 கிராம் பழம். காம்பைக் கிள்ளும் முன்பே கழுவித் துடைத்துவிட்டேன். கிள்ளிய பிறகு கழுவினால் அந்தக் குழி வழியே தண்ணீர் உள்ளே ஏறும். 400 கிராமை நறுக்கி, 50 கிராம் சர்க்கரையும் அரை எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து, வடிகட்டியில் கரண்டியால் அழுத்தி எடுத்தேன். கொஞ்சம் கூடக் கொதித்தால் ஜாம் வாசனை வந்துவிடும், அதனால் பக்கத்திலேயே நின்றேன். ஒரு டம்ளருக்குச் சற்று அதிகமாகச் சாறு கிடைத்தது. அதை நன்றாக ஆறவைத்தேன். சூடான சாற்றில் நனைத்தால் பிஸ்கட் கையிலேயே உடையும். மீதி 300 கிராமைச் சர்க்கரை படாமல் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, சமையலறைத் தாளின் மேல் பரப்பி வைத்தேன்.

அடுத்தது கிரீம். நான்கு மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் தண்ணீர். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல், தண்ணீரில் தொடாதபடி கிண்ணத்தை வைத்து, கை ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். தெர்மாமீட்டர் 75 டிகிரி காட்டியதும் இறக்கிவிட்டேன். அந்தச் சூடு முட்டைக் கிருமிக்குப் போதும். அதற்கு மேல் விட்டால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். ஓரங்களை வழித்துக்கொண்டே இருப்பது முக்கியம், ஓரம்தான் முதலில் வேகும். இறக்கிய பிறகும் ஆறும்வரை அடித்தால் வெளிர் மஞ்சளாகப் பொங்கி, துடுப்பைத் தூக்கினால் நாடா மாதிரி விழும்.

மஸ்கார்போனே 500 கிராம். இதைச் சீஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நாம் பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் எடுக்கிறோமே, அதுபோல இங்கே கிரீமைச் சூடாக்கிப் புளிப்புச் சேர்த்து வடிப்பது. கொழுப்பு மிக அதிகம். அதனால் மெஷினில் அரை நிமிடம் கூடுதலாக ஓடினாலும் வெண்ணெய் திரண்டுவிடும். ஒத்திகையில் எனக்கு அதுவும் நடந்தது. கிரீம் முழுக்கக் குருணை குருணையாக ஆகிவிட்டது. இந்த முறை மரக்கரண்டியால் மட்டுமே இளக்கி, முட்டைக் கலவையை மூன்று தடவையாகச் சேர்த்தேன். 200 மில்லி கிரீமைத் தனியாக அடித்து, கடைசியில் கீழிருந்து மேலாக மெதுவாகக் கிளறிவிட்டேன்.

பிஸ்கட்டுக்குச் சவோயார்தி என்று பெயர். விரல் நீளம், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சர்க்கரைப் படிவு. உள்ளே முழுக்கக் காற்றறைதான், பஞ்சு மாதிரி உறிஞ்சும். முதல் பிஸ்கட்டை நனைத்ததும் நடுவில் உடைத்துப் பார்த்தேன். சுற்றிலும் சிவப்பு, நடுவில் பென்சில் கனத்துக்கு வெள்ளை. அதுதான் சரியான பதம். ஒரு பக்கம் 'ஒன்று' என்று எண்ணுவதற்குள் திருப்பி, மறுபக்கம் அதே நேரம், உடனே வெளியே. நடுவில் இருக்கும் அந்த உலர்ந்த இடம் இரவில் கிரீமிலிருந்தும் பழத்திலிருந்தும் வரும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். 24 பிஸ்கட்டில் இரண்டு அடுக்கு வந்தது. பழ வில்லைகளை நேராகப் பிஸ்கட் மேல் வைக்காமல், கீழே ஒரு பூச்சு கிரீம், மேலே மீதிக் கிரீம் என்று நடுவில் பொதிந்து வைத்தேன். மேல் அலங்காரப் பழத்தை மட்டும் அடுக்கவில்லை. அதைப் பரிமாறும் நேரத்துக்கு என்று நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்கும்போது கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கி அடியைத்தான் முதலில் பார்த்தேன். பிஸ்கட் சிவந்து இருந்தது, தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. வெட்டிய துண்டு தட்டில் நின்றது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மகள் விரலால் எண்ணிவிட்டுத்தான் சாப்பிட்டாள். ஒரு துண்டை மேல் மாடிக்குக் கொண்டுபோனேன். சிஞ்ஞோரா கரண்டியின் ஓரத்தால் பிஸ்கட்டை அழுத்திப் பார்த்தார். "நனைத்தது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். பெயரைப் பற்றி மறுபடி பேச்சு எடுக்கவில்லை.

மிச்சமிருந்த இரண்டு துண்டை மூன்றாம் நாள் எடுத்தபோது அடியில் லேசாக ஈரம் கட்டியிருந்தது. பழம் எப்படியும் விடும். இரண்டு நாளுக்குள் தீரும் அளவுக்கே செய்யுங்கள்.