பர்க் பக்கம் பன்னி வேட்டை, ஆட்டுக்கறி, அப்புறம் ஒரு அநியாய வாடகை வண்டி

ஆஸ்திரேலியால பர்க்குங்கற ஊருக்கு அந்தாண்ட ஒரு பண்ணைக்கு வேட்டைக்குப் போயிட்டு வந்தேன். வாடகை வண்டிக்காரங்க மேல இருக்கற கடுப்பு இன்னும் ஆறல, அதனால அதையே முதல்ல கொட்டிடறேன். ஃபோர் வீல் டிரைவ்னு சொல்லி சாதாரண காரை விட டபுள் ரேட்டு வாங்கிட்டு, சாவி குடுக்கறப்போ "தார் ரோட்டை விட்டு இறங்கினா இன்சூரன்ஸ் கிடையாது, இருட்டினப்புறம் டவுனுக்கு வெளிய ஓட்டினாலும் கிடையாது"ன்னு கையெழுத்து வாங்கறாங்க. அப்புறம் எதுக்குங்க ஃபோர் வீல் டிரைவ்? நாங்க ஒழுங்கா வண்டிய டவுன்லயே போட்டுட்டு பண்ணைக்காரரோட யூட்ல (பின்னாடி திறந்த பெட்டி இருக்கற வண்டி) தான் உள்ள போனோம், ஒரு அடி கூட மண்ணு ரோட்டுல ஓட்டல, ஆனா திருப்பிக் குடுக்கும்போது சீட்டுல செம்மண் தூசி இருக்குன்னு க்ளீனிங் சார்ஜ் போட்டுட்டாங்க. அந்த ஊர்ல நின்னு மூச்சு விட்டாலே செம்மண் ஒட்டும். சொந்தமா வண்டி வச்சிருக்கற ஃப்ரெண்டு யாராவது இருந்தா அவங்க கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போங்க.

சரி, போறவங்களுக்கு உதவட்டும்னு துப்பாக்கி லைசென்ஸ், வழி, செலவுன்னு வரிசையா எழுதறேன். இடம் நியூ சவுத் வேல்ஸ்ல பர்க், சிட்னில இருந்து கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர், டார்லிங் ஆத்தங்கரை ஊரு. இந்தப் பக்கம் "பேக் ஆஃப் பர்க்"னு சொன்னாலே மனுஷன் போகாத தூரம்னு அர்த்தம், நாங்க போனது அதுக்கும் அந்தாண்ட இருக்கற ஒரு பண்ணைக்கு.

லைசென்ஸ் விஷயத்துல யாரும் விளையாடாதீங்க. 1996ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேரை சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் இந்த நாட்டு துப்பாக்கிச் சட்டமே மாறிடுச்சு, பொதுமக்கள் கிட்ட இருந்த செமி ஆட்டோமேட்டிக் மாதிரி துப்பாக்கிங்கள லட்சக்கணக்குல அரசாங்கமே காசு குடுத்து திரும்ப வாங்கி அழிச்சாங்க. இப்போ லைசென்ஸ் வேணும்னா காரணம் காட்டணும், தற்காப்புக்குன்னு சொன்னா தரவே மாட்டாங்க. எங்க கூட்டத்துல என் ஃப்ரெண்டு ஒருத்தன் கிட்ட தான் லைசென்ஸ் இருக்கு, நிலத்துக்காரர் கிட்ட எழுத்துல அனுமதியும் வாங்கி வச்சிருந்தான். எனக்கு கிடையாது, அதனால நான் துப்பாக்கியத் தொடல, ஸ்பாட்லைட் பிடிக்கறதும் சமைக்கறதும் தான் என் வேலை. கங்காரு, ஈமு ரெண்டும் இந்த மண்ணோட சொந்த உயிர்ங்க, கண்ணு முன்னாடி நின்னாலும் தொடக்கூடாது. பன்னி, வெள்ளாடு, நரி, முயல் எல்லாம் வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து காட்டுல பெருகினது, வேட்டை அதுங்க மேல தான். பன்னியும் ஆடும் 1788ல முதல் கப்பல் கூட்டத்தோடயே வந்து இறங்கினது, முயல் 1859ல விக்டோரியால ஒரு பணக்காரர் வேட்டை விளையாட்டுக்காக விட்டது, அதுக்கப்புறம் கம்பி வலை வேலி, வைரஸ்னு என்னென்னவோ பண்ணியும் இன்னும் முடியல.

வழியில டப்போங்கற ஊர்ல டேங்க்கை ஃபுல் பண்ணிடுங்க, மேல போகப் போக டீசல் விலை வயித்தெரிச்சல். நிங்கன்ல இருந்து பர்க் வரைக்கும் 200 கிலோமீட்டர் ரோடு நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும், சாயங்காலம் ஆனா கங்காரு குறுக்க பாயும், அதனால மதியத்துக்குள்ள அந்தத் தூரத்த முடிச்சிடுங்க.

இப்போ பண்ணைக்கு வரேன், செலவக் கடைசியில பாத்துக்கலாம். பண்ணைக்காரப் பெரியவருக்கு எழுபது வயசு இருக்கும், கை ரெண்டும் வெயில்ல வெந்து தோலு தடிச்சு கெடக்கு. நாங்க போய் இறங்கினதும் அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை தோட்டா கொண்டு வந்திருக்கீங்கன்னு இல்ல, "கேட்டை எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு வந்தீங்களா"ன்னு தான். திறந்திருந்தா திறந்தே விடணும், மூடியிருந்தா மூடணும், அவ்ளோதான் விதி, ஆனா வேட்டைக்குன்னு வர்றவங்க பாதி பேரு அதக் கூட செய்யறதில்லையாம். அனுமதி இல்லாம ராத்திரி வேலிய அறுத்துட்டு நாயோட வர்றவங்க, அடுத்த சீசனுக்கும் வேட்டை வேணும்னு பன்னிக்குட்டிகள லாரில கொண்டு வந்து புது இடத்துல விட்டுட்டுப் போறவங்கன்னு அவர் சொல்லச் சொல்ல எனக்கே கோவம் வந்துச்சு. செத்த ஆட்டுக்குட்டியோட எலும்பக் காட்டினார். பன்னி பிறந்த குட்டியத் தின்னும், ஈத்து நேரத்துல மந்தை பக்கத்துலயே படுத்துக் கெடக்கும்.

முதல் ராத்திரி ஆத்துக்கு ஒட்டின பள்ளத்துல லிக்னம் புதர்க்காடு, அங்க போனோம். பன்னிக்கு வேர்க்காது, அதனால தண்ணியும் சேறும் இல்லாம அதால இருக்க முடியாது, தேடணும்னா அங்க தான் தேடணும். காத்து எங்க மூஞ்சிக்கு வர்ற மாதிரி சுத்திப் போயி நின்னோம். நான் லைட்டு போட்டதும் ஒரு பத்துப் பன்னிரண்டு கண்ணு மின்னுச்சு, ஒரு பெரிய ஆண்பன்னி மட்டும் ஓடாம திரும்பி நின்னு முறைச்சுது. லைசென்ஸ் இருக்கற நம்ம மச்சான் ஒரே குண்டு தான் போட்டான், முன்னங்காலுக்குப் பின்னாடி, கொஞ்சம் தாழ. கிட்டப் போயி பாத்தா உடம்பு பூரா காஞ்ச சேறு, அதுக்குள்ள கம்பி மாதிரி கருமுடி, தோள்பட்டைல அழுத்தினா பலகை மாதிரி கெட்டியா இருக்கு, ஆண்பன்னிங்க ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு போட்டு அங்க ஒரு கேடயமே வளர்ந்திருக்குமாம். வெறுங்கையால தொட்டுடாதீங்க, கிளவுஸ் கட்டாயம், புருசெல்லா, லெப்டோ, க்யூ ஃபீவர்னு மனுஷனுக்குத் தொத்தற வியாதி அதுங்க கிட்ட நிறைய. நாங்க அதத் திங்கறதப் பத்தி யோசிக்கவே இல்ல.

உண்மையச் சொல்றேன், அந்த ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சுது, மறக்கவே மாட்டேன். ஆனா மறுநாள் காலைல பெரியவர் காட்டின விஷயம் தான் எனக்கு பெருசா பட்டுது. பன்னிக் கூட்டத்துல வருஷத்துக்கு 70 சதவீதமாவது குறைச்சா தான் எண்ணிக்கை ஏறாம நிக்கும்ங்கறாங்க, ஒரு பெட்டைப்பன்னி நல்ல வருஷத்துல ரெண்டு ஈத்து போடும், ஸ்பாட்லைட்ட வச்சிக்கிட்டு ராத்திரிக்கு மூணு நாலு சுட்டா அதுக்கு உறைக்கவே உறைக்காது. அவர் செய்யறது கூண்டு வேலை. மக்காச்சோளத்த ஊறப்போட்டு புளிக்க வச்சு, கூண்டு கதவத் திறந்தே வச்சு தினம் போடறார், மொத்தக் கூட்டமும் பயமில்லாம உள்ள வரப் பழகற வரைக்கும் கதவை மூடறதே இல்ல. அந்தப் புளிச்ச சோள வாளியத் தூக்கிட்டு நானும் கூடப் போனேன், வாடை குடலைப் புரட்டுது. வேட்டைக்குப் போற தம்பிங்களா, ஃபோட்டோ எடுத்துக்கிட்டு நிலத்தக் காப்பாத்திட்டோம்னு போடாதீங்க, பகல்ல அந்த வாளிய ஒரு வாரம் தூக்குங்க, அது தான் அந்த மனுஷனுக்கு உதவி.

ஆடு கதை வேற. பன்னி நஷ்டம், ஆடு காசு. தண்ணித்தொட்டியச் சுத்தி உயரமா வேலி போட்டு, வெளிய இருந்து ஏறி உள்ள குதிக்கற மாதிரி ஒரு சாய்வுப் பலகை வச்சிருக்கார், உள்ள குதிச்ச ஆடு திரும்ப ஏற முடியாது. காஞ்ச காலத்துல வேற தண்ணி கிடையாது, வந்து தான் ஆகணும். காலைல போனா பட்டி நிறைய வெள்ளை, கருப்பு, செம்மறை, முறுக்கின கொம்போட கிடாங்க, அந்தக் கிடா வீச்சம் அரை மைலுக்கு அடிக்குது. கூட மாட்டிக்கிட்ட ரெண்டு கங்காருவ முதல்ல கதவத் திறந்து வெளிய விட்டார். உலகத்துலயே வெள்ளாட்டுக்கறி அதிகமா ஏத்துமதி பண்ற நாடு இது, அதுல பெரும்பங்கு இப்படிப் பிடிச்ச காட்டு ஆடு தான், ஆனா உள்ளூர்க்காரன் தொடவே மாட்டான். 2023ல விலை படுத்தப்போ பிடிச்சு ஏத்தற கூலிக்கே கட்டலன்னார்.

எங்களுக்கு ஒரு இளங்குட்டியக் குடுத்துட்டார். கிட்ஜீ மரத்துக் கட்டை, இரும்பு மாதிரி கனம், கனல் விடிய விடிய இருக்கும். கனமான வார்ப்பிரும்புச் சட்டிய அதுல வச்சு, நான் டப்பால கட்டிக் கொண்டு போன மல்லி, மிளகு, சோம்பு வறுத்த தூள், நிறைய வெங்காயம், தேங்காய் இல்ல, தேவையும் இல்ல. காட்டு ஆட்டுல கொழுப்பு கம்மி, அவசரப்பட்டா ரப்பர் ஆயிடும், நல்லா ரெண்டு மணி நேரத்துக்கு மேல விட்டேன். ஈரல்ல கட்டி, புள்ளி இருக்கான்னு பாத்துட்டு தனியா மிளகு போட்டு வறுத்தேன், சுவரொட்டிய நானே சாப்பிட்டேன், யாருக்கும் தரல. மிச்ச உள்ளுறுப்ப நாய்க்குப் போடப் போனவன அந்தப் பெரியவர் தடுத்துட்டார், பச்சையாத் தின்னா நாய் வழியா மனுஷனுக்கு ஹைடேடிட் கட்டி (நாடாப்புழுவால உடம்புக்குள்ள வளர்ற நீர்க்கட்டி) வருமாம். நெஞ்செலும்புக் குழம்ப பிரெட்டுல தொட்டு மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டார், மூக்குல தண்ணி ஊத்துது, நிறுத்தல. சிட்னில நான் கிலோ இவ்ளோன்னு யோசிச்சு யோசிச்சு வாங்கற கறி இதோட கால் தூசிக்கு வராது. பண்ணைல வெட்டினத அங்கயே தான் சாப்பிடணும், வெளிய கொண்டு போக சட்டம் இடம் குடுக்கல, அது ஒண்ணு தான் மனசு கேக்கல.

திரும்பற வழில பர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், கட்டாயம் போங்க, டிக்கெட் இல்ல. ஒட்டகம் ஓட்ட ஆப்கான், பலூச், இந்தியப் பக்கத்துல இருந்து வந்தவங்களோட கல்லறையும், தகரத்துல கட்டின ஒரு குட்டி மசூதியும் அங்க இருக்கு. லாரி வந்ததும் அவங்க ஒட்டகத்த எல்லாம் காட்டுல விட்டுட்டாங்க, அதுங்க பெருகி 2009ல இருந்து 2013 வரைக்கும் அரசாங்கம் ஒண்ணரை லட்சத்துக்கும் மேல கொல்ல வேண்டி வந்துச்சு. கொண்டு வந்தது ஒருத்தர், சாவறது அதுங்க.

செலவு: டீசலும் வாடகையும் தான் முக்கால்வாசி, மூணு பேர் பிரிச்சுக்கிட்டதால தாங்குச்சு. கைடு வச்சு கூட்டிட்டுப் போற வேட்டை டூருக்கு ஆயிரக்கணக்குல டாலர் கேக்கறாங்க, வேணாம், பண்ணைக்காரர் யாரையாவது தெரிஞ்சவங்க மூலமா கேளுங்க. டெல்ஸ்ட்ரா சிம் இல்லாம போகாதீங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட்டுக்குள்ள போங்க, கோடைல செத்துடுவீங்க. மழை பேஞ்சா கரிசல் ரோட்ட மூடிடுவாங்க, மூடின ரோட்டுல ஓட்டினா அபராதம், அதனால கிளம்பறதுக்கு முந்தின நாள் அந்த ஊரு கவுன்சில்ல ரோடு திறந்திருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் லீவு போடுங்க.