"இந்தக் கையெழுத்து வேணாம் தம்பி"

சிங்கப்பூரில் என் முதல் மாதச் சம்பளம் காசோலையாக வந்தது. மேலே குறுக்காக இரண்டு கோடு போட்ட காசோலை. வங்கிக் கணக்கில் போட்டால்தான் அது பணம். என்னிடம் கணக்கு இல்லாததால்தான் அதைக் காசோலையாகக் கொடுத்ததே. சம்பளம் போடும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதான் சீக்கிரம் அக்கவுண்ட் தொறங்கன்னு சொன்னேன்" என்று சிரித்தார். பதினோரு நாள் அந்தத் தாள் மடியாமல் கசங்காமல் என் பாஸ்போர்ட்டுக்குள் படுத்துக் கிடந்தது.

நான் 2023 ஜூனில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்தேன். ஊரிலேயே கைக்கு வந்த ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதத்தில் ஃபின் நம்பர், அதாவது வெளிநாட்டினருக்கான அடையாள எண், இருந்தது, 'எம்' எழுத்தில் தொடங்குவது. 2022-இலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இந்த எழுத்துதான். அதற்கு முன் வந்தவர்களுக்கு 'ஜி'. எங்கள் அறையில் யார் சீனியர், யார் பாத்ரூமுக்கு முதலில் போகலாம் என்பதெல்லாம் இந்த எழுத்தை வைத்துத்தான் முடிவானது. நம்பர்தான் இருக்கிறதே என்று வந்த முதல் சனிக்கிழமையே கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "பாஸ் அட்டை வந்ததும் வாங்க" என்றார்கள். மருத்துவப் பரிசோதனை, பெண்டமீர் ரோட்டில் மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகை, படம், அப்புறம் சில நாள் காத்திருப்பு. இதெல்லாம் முடிந்துதான் அட்டை கைக்கு வந்தது.

அட்டை வந்த அன்றே இன்னொரு வங்கியின் செயலியில் விண்ணப்பித்தேன். படம் எடுத்து ஏற்றினேன், முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினேன், எல்லாம் பச்சை டிக். மூன்றாம் நாள் 'தற்போது உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்று ஒரு வரி வந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் செயலியையே அழித்துவிட்டேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட் எடுத்தபோது ஏஜென்ட் அண்ணன் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார். நானோ செயலியில் பள்ளிக்கூடப் பழக்கத்தில் இனிஷியலும் என் பெயருமாக அடித்திருந்தேன். பாஸ் அட்டையில் அப்பாவின் முழுப் பெயர், விண்ணப்பத்தில் அவர் ஒற்றை எழுத்து. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் வேறு வேறு ஆள்தானே. இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ, எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை.

அடுத்த தலைவலி முகவரிச் சான்று. பூன் லேயில் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் நண்பரோடு ஓர் அறை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும். பாதி வாடகை நான் கொடுத்தாலும் காகிதத்தில் நான் அங்கே இல்லை. வீட்டுக்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நல்லவேளை, வீவகவில் என்னையும் வாடகைதாரராகப் பதிந்து, இரண்டு பேர் பெயரிலும் புது ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். அதற்கு முத்திரைத் தீர்வை உண்டு, மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), ஆறு மாதத்துக்கு 5,400. சில்லறை போக 21 வெள்ளி. அந்த 21 வெள்ளிக்கு அன்றைக்கு நண்பரிடம்தான் கை நீட்டினேன்.

கடைசியில் போனது பிஓஎஸ்பிக்கு. எங்கள் சூப்பர்வைசர் இன்னமும் அதைப் 'போஸ்டாபீஸ் பேங்க்' என்றுதான் சொல்வார். 1877-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியாகத் தொடங்கியது, 1998-இல் டிபிஎஸ் வாங்கிவிட்டது, அவர் வாயில் மட்டும் பெயர் மாறவில்லை.

கவுண்டரில் இருந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் அம்மா, ஐம்பது வயதிருக்கும். பாஸ்போர்ட், அட்டை, ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தேன். இந்தியாவில் வரி கட்டும் எண் கேட்டார். நான் விழித்தேன். "பான் நம்பர் தம்பி, பான்." வெளிநாட்டுக்காரர் எந்த நாட்டில் வரி கட்டுகிறவர் என்று வங்கிகள் எழுதி வாங்க வேண்டுமாம். நல்லவேளை, பான் கார்டின் படம் போனில் இருந்தது.

பிறகு கையெழுத்து. படிவத்தில் ஆங்கிலத்தில் ஒரு சுழி சுழித்துக் கொடுத்தேன். அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பினார், படிவத்தைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்.

"இந்தக் கையெழுத்து வேணாம் தம்பி. இதுல தமிழ்ல போட்டிருக்கீங்களே?"

"ஆமாங்க. வெளிநாட்டு பேங்க்ல தமிழ்ல போட்டா ஒத்துக்குவாங்களான்னு..."

"ஏன் ஒத்துக்க மாட்டாங்க?" ஒரு இருபது காசு நாணயத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். சுற்றி எழுதியிருந்த நான்கு மொழியில் ஒன்று 'சிங்கப்பூர்' என்று நம் எழுத்தில் இருந்தது. "காசுலயே போட்டிருக்கு. நீங்க போடுங்க."

ஒன்பதாம் வகுப்பில் பழகிய கையெழுத்து. முதலெழுத்தை நீட்டி, கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுப்பேன். கை நடுங்கியதில் கோடு கோணலாகப் போனது. பாஸ்போர்ட்டிலும் அது கோணல்தான். "இப்ப சரி" என்று எடுத்துக்கொண்டார்.

மாதச் சராசரி 500 வெள்ளிக்குக் கீழே போனால் 2 வெள்ளி பிடிப்பார்கள் என்று எச்சரித்தார். போன் நம்பரை மாற்றினால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், ஓடிபி பழைய நம்பருக்கே போகும் என்றார். எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "யாராவது காசு தர்றேன், அக்கவுண்டைக் கொடுன்னு கேட்டா கொடுத்துடாதீங்க, போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்" என்றார். அப்போது இது எதற்கு என்று தோன்றியது. அடுத்த மாதமே டெலிகிராமில் எவனோ 300 வெள்ளி பேரம் பேசினான்.

அதற்குப் பிறகு சிங்பாஸ் என்ற அரசு மின்னிலக்க அடையாளம் வந்தது. அதை வைத்து இன்னொரு வங்கியில் இரண்டாவது கணக்கு, லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் பரோட்டா வருவதற்குள் போனிலேயே முடிந்தது. முதல் கணக்குக்கு ஒரு மாதம் அலைந்தவனுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

காசோலை பணமான அன்று ஊருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. இங்கே போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வை நம் ஊர் யுபிஐயோடு அந்த வருடம் பிப்ரவரியில்தான் இணைத்திருந்தார்கள். அப்பாவின் கணக்கு ஐஓபியில், அது இணைந்த வங்கிகளின் பட்டியலில் இருந்தது. சோதனைக்கு 20 வெள்ளி தட்டினேன். ஐந்து நிமிடத்தில் அப்பா கூப்பிட்டார்.

"டேய், ஆயிரத்து இருநூறு ரூவா சொச்சம் வந்திருக்குடா. அனுப்புனவன் பேரு என் பேராவே இருக்கு. எடுக்கலாமா, வேணாமா?"